ஜீப்பில் ஒரு கச்சேரி

"பிள்ளை 'தார்' ஜீப் வாங்கியிருக்கிறான். கான்வாஸ் கூரை போட்ட வண்டி. இப்போது ஸ்பீக்கர் மாற்ற வேண்டும் என்று 40,000 ரூபாய் கேட்கிறான். வண்டியோடு வந்தது போதாதா? கொடுக்கலாமா, கூடாதா?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். வீட்டில் பணப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர்களுக்கு இந்த விஷயம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் கடையில் கடைக்காரர் வீட்டுக்காரரையும் பிள்ளையையும் பார்த்தே பேசுவார். உங்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கோப்பை காப்பியும் கிடைக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிஞ்சும். அதைவிட முக்கியம், பின் ஸீட்டில் உட்காரும் பேரக் குழந்தையின் காதும், பானெட்டுக்கு அடியில் ஓடும் மின்சாரக் கம்பியும் பத்திரமாக இருக்கும்.

ஜீப் என்பது டிராயிங் ரூம் அல்ல

ஜீப் யுத்தத்துக்குப் பிறந்த வண்டி. 1941ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது. யுத்தம் முடிந்த சில வருஷங்களில் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் அதைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1985ல் மாருதி ஜிப்ஸி வந்தது, 2010ல் தார், 2020ல் முற்றிலும் புதிதாக இரண்டாவது தார். சேற்றையும் பாறையையும் தாண்டுவதற்கென்றே பிறந்த இந்தக் குலத்தில் பாட்டுக் கேட்கும் சௌகரியம் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது.

சாதாரணக் காரில் கதவும் கண்ணாடியும் கூரையும் மூடிக்கொண்டால் அது ஒரு சின்ன அறை. பாட்டு அந்த அறைக்குள்ளேயே சுற்றி வரும். கான்வாஸ் ஜீப்பில் அப்படி இல்லை. காற்று கூரையைப் படபடவென்று அடிக்கும். பெரிய பட்டன் வைத்த டயர் தார் ரோட்டில் "ஊம்" என்று ரீங்காரம் போடும். டீசல் என்ஜின் தன் பங்குக்குக் கச்சேரி செய்யும். இவ்வளவுக்கும் மேலே பாட்டுக் கேட்க வேண்டும். கூரையைக் கழற்றிவிட்டாலோ, கடற்கரையில் நின்று வீணை வாசிப்பது போலத்தான்.

இது போதாது என்று மழை, தூசி, குலுக்கல், வெயில் வேறு. தார் வண்டி 650 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிக்குச் சற்று மேலே ஆழமுள்ள தண்ணீரைக் கடக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. அவ்வளவு தண்ணீரில் இறங்கினால் கதவின் அடிப்பகுதி நனையும். அங்கே காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் இருந்தால் அதன் கதி என்ன? அப்பளத்தைத் தண்ணீரில் போட்ட கதைதான்.

ஆகவே, ஜீப்புக்கு ஸ்பீக்கர் மாற்றுவதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எதை வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம், எப்படிப் பூட்டுகிறோம் என்ற மூன்றும் சரியாக அமைய வேண்டும்.

தொப்பியும் வலந்தலையும்

மிருதங்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள். இடது பக்கம் தொப்பி. "தொம்" என்று கனமாகப் பேசும். வலது பக்கம் வலந்தலை. "நம், தின்" என்று கூர்மையாகப் பேசும். ஒரே தோல் இரண்டு வேலையையும் செய்யாது. ஸ்பீக்கரும் அப்படித்தான். கனமான நாதத்துக்குப் பெரிய கூம்பு வேண்டும். அதற்கு வூஃபர் என்று பெயர். ஜாலராவும், புல்லாங்குழலின் மேல் ஸ்தாயியும், பாடகியின் உச்சரிப்பில் 'ச'வும் 'ஷ'வும் தெளிவாகக் கேட்கச் சின்னஞ்சிறு ட்வீட்டர் வேண்டும்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று கோஆக்சியல்: பெரிய கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று காம்போனென்ட்: வூஃபர் தனி, ட்வீட்டர் தனி, எந்த ஸ்வரம் எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் க்ராஸ் ஓவர் என்ற பெட்டி தனி. மூடிய காரில் இரண்டாவது வகை அருமையாக இருக்கும். காது மட்டத்தில் ட்வீட்டரை வைத்துவிட்டால், பாடுகிறவர் முன் கண்ணாடிக்கு நேரே நின்று பாடுவது போல இருக்கும். ஆனால் கூரை திறந்து ஓடும் ஜீப்பில் அந்த நுட்பத்தில் பாதி காற்றோடு போய்விடும். சாமான் அதிகமானால் நனைவதற்கும் ஆடுவதற்கும் இடமும் அதிகம். கான்வாஸ் வண்டிக்கு நல்ல கோஆக்சியல் ஒன்றே போதும். இரும்புக் கூரை போட்ட வண்டியானால் காம்போனென்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

அளவு? நாலு அங்குலம், ஐந்தேகால் அங்குலம், ஆறரை அங்குலம், நீள்வட்டமாக ஆறுக்கு ஒன்பது அங்குலம் என்று பல உண்டு. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் துவாரத்தின் அளவையே வாங்குங்கள். அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆழத்தையும் அளக்க வேண்டும். கதவுக் கண்ணாடியை இறக்கும்போது அது ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் முட்டினால், அப்புறம் ஸ்பீக்கர் செலவோடு கண்ணாடிச் செலவும் சேரும்.

அட்டைப் பெட்டியில் உள்ள பொய்யும் மெய்யும்

அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "300 வாட்ஸ்" என்று போட்டிருக்கும். பயந்துவிடாதீர்கள், சந்தோஷப்படவும் வேண்டாம். அது கண் இமைக்கும் நேரம் மட்டும் தாங்கக் கூடிய உச்ச அளவு. அதே பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் "ஆர்.எம்.எஸ்." என்று ஒரு எண் இருக்கும்: 50, 60, 70 என்று. ஓய்வில்லாமல் தாங்கக் கூடிய உண்மையான சக்தி அதுதான். புடவைக் கடையில் ஜரிகையைத் திருப்பிப் பார்ப்பது போல, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவின் மேலும் "50 வாட் × 4" என்று எழுதியிருக்கும். காரின் பாட்டரி 12 வோல்ட். என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட். அந்த மின்சாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு சாதாரண ஸ்பீக்கருக்கு 20 வாட் சுமாருக்குத்தான் சுத்தமாகக் கொடுக்க முடியும். ஆகவே 300 வாட் தாங்கும் ஸ்பீக்கரை அதோடு இணைப்பது, ஆழாக்கு அரிசியை அண்டாவில் வடிப்பதற்குச் சமம்.

இங்கேதான் கடைக்காரர் சொல்லாத ஓர் எண்ணை நீங்கள் கேட்க வேண்டும். அதற்கு "சென்ஸிடிவிட்டி" என்று பெயர். டெஸிபல் கணக்கில் கொடுத்திருப்பார்கள். குறைந்த மின்சாரத்தில் எவ்வளவு ஒலி தரும் என்பதை அது சொல்லும். 92 டெஸிபல் என்று போட்ட ஸ்பீக்கர் 20 வாட்டில் தருகிற ஒலியை, 89 டெஸிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 40 வாட் வேண்டும். 3 டெஸிபல் குறைந்தால் சக்தி இரண்டு மடங்கு வேண்டும் என்பது கணக்கு. சென்ஸிடிவிட்டி அதிகமான ஸ்பீக்கராகப் பார்த்து எடுத்தால், தனியாக ஆம்பிளிஃபயர் வாங்கும் செலவே பல வீடுகளில் மிஞ்சிவிடும்.

மூன்றாவது எண் ஓம். காருக்கு வழக்கமாக 4 ஓம். வண்டியில் உள்ள ஸ்டீரியோ எத்தனை ஓமுக்கு என்று பார்த்து அதையே வாங்குங்கள். "இரண்டு ஓம் போட்டால் சத்தம் தூக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓம் குறையக் குறைய மின்சாரம் அதிகம் பாயும். அதைத் தாங்கும்படி செய்யாத ஸ்டீரியோ சூடேறிப் போகும்.

மழைக்கும் மண்ணுக்கும்

ஜீப்பாயிற்றே! "ஐ.பி." என்று தொடங்கி இரண்டு இலக்கம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 65 என்றால் தூசி உள்ளே போகாது. எந்தப் பக்கத்திலிருந்தும் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் பாதகமில்லை. படகுகளுக்கென்று செய்யும் மரைன் ஸ்பீக்கர்கள் ஈரத்தையும் உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்கும்படி செய்யப்பட்டவை. திறந்த ஜீப்புக்கு அவை வெகு பொருத்தம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனித்து வாங்குவது நல்லது.

கூம்பு காகிதமா, பாலிப்ரொப்பிலீனா என்று கேளுங்கள். காகிதம் இனிமையாகப் பாடும். ஆனால் ஈரத்துக்கு ஆகாது. நம் காரியத்துக்குப் பாலிப்ரொப்பிலீன்தான். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் வளையமானால் சில வருஷத்தில் பழைய அடைப் போலப் பொரிந்து உதிர்ந்துவிடும்.

எங்கே வைப்பது?

இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று ஒலியைப் பிரித்து அனுப்பும் ஸ்டீரியோ முறைக்கு 1931ல் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற இன்ஜினீயர் காப்புரிமைக்கு மனுச் செய்தார். வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம் என்று மேடையே கண் முன் நிற்கும் அதிசயம் அதனால்தான். அந்த அதிசயம் வேண்டுமானால் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களும் நன்றாக இருக்க வேண்டும். முதல் செலவு முன்பக்கத்துக்கு, பின்பக்கம் அப்புறம்.

ஜீப்பில் கதவு உசிதமான இடமா என்பது வண்டியைப் பொறுத்தது. கதவையே கழற்றிவிடும் வண்டியானால் ஸ்பீக்கரும் அதோடு போய்விடும். அதனால்தான் அமெரிக்க ஜீப் ராங்ளரில் தலைக்கு மேல் உள்ள குறுக்குச் சட்டத்தில் ஸ்பீக்கர் வைக்கும் வழக்கம் வந்தது. 2020ல் வந்த தாரிலும் ஸ்பீக்கர்களைக் கூரைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். தண்ணீர் எட்டாது, சேறு படாது, காதுக்கு அருகில் இருப்பதால் குறைந்த சத்தத்திலேயே கேட்கும். ஒரு குறை உண்டு: பாட்டு எதிரே இல்லாமல் உச்சந்தலையில் இறங்கும். முன்பக்கம் ஒரு ஜோடி ட்வீட்டர் இருந்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பதற்காக வைத்த இரும்புச் சட்டத்தில் துளை போட யாரையும் அனுமதிக்காதீர்கள். கிளிப்பும் பட்டையும் போட்டுக் கட்டலாம், துளை கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் பாதையில் கம்பி ஓட்டுவதோ ஸ்பீக்கர் வைப்பதோ கூடவே கூடாது.

பூட்டுவதில்தான் பாதி சங்கீதம்

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; கனமான நாதம் காணாமல் போகும். ஆகவே இரண்டுக்கும் நடுவே தடுப்பு வேண்டும். கதவில் வைத்தால், ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நுரை வளையம் வைத்து இறுக்க வேண்டும். கதவுத் தகட்டின் உட்புறம் பியூட்டைல் ஷீட் ஒட்டினால் தகடு தகரடப்பா மாதிரி அதிராது. ஆனால் கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய சிறு துவாரங்கள் இருக்கும்; அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவுக்குள் கம்பெனி ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கால் மிதியடி நனையும்.

ஸ்பீக்கருக்கு பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனை. ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் மாற்றியும் கொடுத்துவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பாட்டு கேட்கும், ஆனால் சாரமில்லாமல் கேட்கும், பெருங்காயம் போடாத ரசம் மாதிரி. இதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பாட்டரி ஒன்று போதும். பூட்டுவதற்கு முன்னால், அதன் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் அடையாளம் சரி.

கம்பி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வண்டியின் கம்பியை வெட்டி ஒட்டுப் போட வேண்டாம். அந்தந்த வண்டிக்குப் பொருந்தும் கப்ளர் கிடைக்கிறது. சொருகினால் வேலை முடிந்தது. வெட்டினால் வாரண்டிக்கு வம்பு; மழையில் ஒட்டுத் துருப்பிடித்தால் வண்டிக்கே வம்பு.

ஆம்பிளிஃபயர் வைப்பதானால் இதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டு மிக்ஸி 750 வாட் என்றாலும், 230 வோல்ட்டில் அது இழுப்பது மூன்று ஆம்பியருக்குச் சற்று மேலே. ஆனால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 300 வாட் எடுக்க 25 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு மின்சாரம் மெல்லிய கம்பியில் ஓடினால் கம்பி அடுப்பாகிவிடும். கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இல்லாமல் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். குலுங்கிக் குலுங்கி ஓடும் வண்டியில் கம்பியின் உறை தகட்டு விளிம்பில் உராய்ந்து தேய்ந்தால், ஃப்யூஸ் இல்லாத பட்சத்தில் தீப்பிடிக்க வேறு காரணம் வேண்டியதில்லை. "அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா" என்று பட்டறைப் பையன் சிரித்தால், நீங்களும் சிரித்துக்கொண்டே, "ஃப்யூஸைக் காட்டுப்பா, அப்புறம் பணம்" என்று சொல்லிவிடுங்கள்.

காதுக்கு உண்டு ஒரு கணக்கு

இனி மிக முக்கியமான விஷயம். ஜீப்பில் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று வால்யூமைத் திருகிக்கொண்டே போவார்கள். இரைச்சலும் பாட்டும் சேர்ந்தே காதில் விழுகின்றன என்பது நினைவிருக்காது. பெரியவர்களுக்கு 80 டெஸிபல் ஒலி வாரத்தில் 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு அதே 40 மணிக்கு 75 டெஸிபல்தான். ஒவ்வொரு 3 டெஸிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 92 டெஸிபலுக்குப் பெரியவர்களுக்கே வாரத்துக்கு இரண்டரை மணிதான். சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேருவதற்குள் ஒரு வாரத்துப் பங்கு தீர்ந்துவிடும்.

உள் காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய ரோம அணுக்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. போன காது போனதுதான். பின் ஸீட்டில் தலைக்கு மேலேயே ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் குழந்தையை உட்கார வைத்தால், பின்பக்க ஒலியை ஸ்டீரியோவில் குறைத்துவிடுங்கள்; அதற்கென்றே "ஃபேடர்" என்று ஒரு வசதி இருக்கிறது. பிள்ளையிடம் நீங்கள் ஒரு விதி போடலாம்: பக்கத்தில் உட்கார்ந்தவர் குரலை உயர்த்தாமல் பேசினால் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, பாட்டைக் குறை.

ரோட்டில் ஆம்புலன்ஸ் மணி கேட்க வேண்டும். பாறையில் ஏறும்போது கீழே இறங்கி நின்று வழி சொல்பவரின் குரல் கேட்க வேண்டும். டயர் வழுக்குகிற ஓசைகூடக் கேட்க வேண்டும். அப்போதெல்லாம் கச்சேரியை நிறுத்தி வைப்பது உத்தமம். முதுமலை, ஆனைமலை போன்ற காட்டு வழிகளில் போகும்போதும் பாட்டை அணைத்துவிடுங்கள். அது யானையின் வீடு, நாம் விருந்தாளிகள்.

கடைக்குப் போகும் நாள்

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போல, பெரிய ஊர்களில் கார்ச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்கள் உண்டு. இரண்டு மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் 'தொம் தொம்' பாட்டைக் கேட்டு மயங்காமல், நீங்கள் பல தடவை கேட்டு மனப்பாடமான ஒரு பாட்டைக் கேளுங்கள். வார்த்தை தெளிவாகக் கேட்கிறதா? தம்பூராவின் சுருதி பின்னால் இழைகிறதா? சத்தத்தை ஏற்றும்போது குரல் கரகரக்கிறதா? இந்த மூன்றுக்கும் உங்கள் காதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

முதலில் முன்பக்க ஜோடியை மட்டும் மாற்றி, கதவைச் சரியாக அடைத்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் பின்பக்கம். அதுவும் போதவில்லை என்றால் ஆம்பிளிஃபயர். படிப்படியாகப் போகிற வீட்டில் 40,000 ரூபாயில் பெரும் பகுதி பாங்கிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் என்ஜினை ஓட விட்டு, கதவுகளைச் சாத்தி, நீங்கள் ஒரு தடவை பின் ஸீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு தடவை சாலையில் ஓட்டச் சொல்லியும் கேளுங்கள். அதற்குப் பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.